பியானோ கம்பிகளுக்குள் போல்ட் செருகுவது எப்படி?

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் ‘சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்’ (1946–48) என்ற பியானோ படைப்பை வாசிக்க, ஒலியை மாற்றுவதற்காக 45 கட்டைகளின் கம்பிகளில் போல்ட், ஸ்குரூ, ரப்பர் என்று செருக வேண்டும். பாக், பீத்தோவன் படித்து வளர்ந்த கலைஞருக்கு இதில் கஷ்டம் வாசிப்பில் இல்லை, பியானோவை இரவல் கேட்பதில்தான். அதனால் ஒப்பந்தத்தின்போதே செருகப்போகும் பொருள்களின் பட்டியலை எழுதிக் கொடுத்து, அரங்கத்தின் டியூனரிடமும் பேசிவிடுங்கள்.

கம்பிகள் படுக்கையாக இருக்கும் கிராண்ட் பியானோ அவசியம். நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோவில் கம்பிகள் செங்குத்தாக நிற்பதால் பொருள்கள் நழுவி விழும்.

முதலில் டியூனர் சுருதி சேர்த்து முடிக்கட்டும். செருகிய பின் சேர்ப்பது வீண்வேலை. வலது பெடலை மிதித்து, கம்பிகளின் அதிர்வை அடக்கும் டாம்பர்களைத் தூக்குங்கள், இல்லையென்றால் அவை வளையும். மரக்குச்சியால் ஒரே கட்டையின் இரு கம்பிகளை மெல்ல விலக்கி, போல்ட்டை இறக்கி, குச்சியை எடுத்துவிடுங்கள். திருகி ஏற்றக் கூடாது. போல்ட் இடைவெளியைவிட ஒரு இம்மி தடிமனாக இருந்தால் போதும். மெலிந்தால் இரைந்துகொண்டே இருக்கும். தடித்தால் சுருதி விலகும், கம்பி அறுந்தாலும் அறும். போல்ட்டின் நுனி, கம்பிகளுக்கு அடியில் உள்ள சவுண்ட்போர்டு பலகையைத் தொட்டால் கடகடக்கும்.

செம்புச் சுற்று உள்ள மந்தரக் கம்பிகளில் ஸ்குரூ வேண்டவே வேண்டாம், மரை சுற்றைக் கடித்துவிடும். அங்கே ரப்பரோ ஃபெல்ட்டோ போதும். வெறுங்கையால் கம்பியைத் தொடாதீர்கள், வியர்வை பட்டால் துரு.

நாதம் முழுக்க இடத்தைப் பொறுத்தது. கம்பியின் சரிபாதியில் உறை போட்ட விரலை லேசாக வைத்து வாசித்தால் மேல் ஷட்ஜம், மூன்றில் ஒரு பங்கில் அதற்கும் மேலான பஞ்சமம். அந்தப் புள்ளியிலிருந்து போல்ட்டைச் சற்றே நகர்த்தினால் மணியோசை கலங்கும். கேஜ் டாம்பரிலிருந்து அங்குலக் கணக்கில் தூரம் தருகிறார். ஆனால் பியானோவின் நீளம் மாறினால் கணக்கும் மாறும். அளவில் தொடங்கி, காதால் முடியுங்கள்.

ஒரே சுரத்துக்கு மூன்று கம்பிகள் உள்ள கட்டைகளில் வலப்பக்க இரண்டு கம்பிகளுக்கு நடுவே செருகினால் ஒரு வசதி உண்டு. சாதாரணமாக வாசித்தால் இடக் கம்பியின் இயல்பான சுரமும் கலந்து கேட்கும். இடது பெடலை மிதித்தால் சுத்தியல் நகர்ந்து அந்தக் கம்பியை விட்டுவிடும், மாறிய ஒலி மட்டும் வரும்.

அதே கச்சேரியில் பாக்கும் உண்டென்றால் இரண்டாவது பியானோ கேளுங்கள். இடைவேளைக்குள் எல்லாவற்றையும் கழற்றிச் சுருதி பார்ப்பது நடக்காத காரியம்.

பித்தளை ஸ்குரூ கம்பிக்கு இதமானது, ஆனால் உள்ளே விழுந்தால் காந்தத்தில் ஒட்டாது. கழற்றும்போதும் குச்சியால் விலக்கியே தூக்குங்கள். போட்ட எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் ஒத்துப்போகும்வரை மூடியைச் சாத்த வேண்டாம்.