பழைய ஆர்எக்ஸ்-8: வாங்கும் முன் சூடாக்கிப் பாருங்கள்

2003 முதல் 2012 வரை தயாரான மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஸ்போர்ட்ஸ் கார், ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் மலிவாகக் கிடைக்கும். பளபளப்பைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். இதில் பிஸ்டன் கிடையாது, 1.3 லிட்டர் ரோட்டரி இஞ்சினுக்குள் இரண்டு முக்கோண ரோட்டார்கள் சுழல்கின்றன. அவற்றின் முனைகளில் வாயு கசியாமல் அடைக்கும் சீல்கள் தேய்ந்தால் இஞ்சினுக்குள் அழுத்தம் குறையும், செலவு கூடும்.

இருபது நிமிடம் நன்றாக ஓட்டுங்கள். நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்புங்கள். உடனே கிளம்பினால் நல்ல அறிகுறி. ஸ்டார்ட்டர் முனகிக்கொண்டே இருந்தால் எனக்கு முதல் சந்தேகம் சீல்கள் மேல்தான். "பேட்டரி கொஞ்சம் பழசு" என்பார் விற்பவர், தலையாட்டிவிட்டு நகருங்கள்.

அதில் தேறினால், ரோட்டரி இஞ்சினுக்கான கருவியைக் கொண்டு அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ரோட்டாருக்கும் மூன்று பக்கங்கள், பக்கத்துக்கு ஒன்று வீதம் ஆறு எண்கள் வேண்டும். சாதாரணக் கருவி மூன்றில் உயர்ந்ததை மட்டுமே காட்டும். பழுதான பக்கம் ஒளிந்துகொள்ளும்.

ஆயில் குறைவதைக் கண்டு பயப்பட வேண்டாம். சீல்கள் வழுக்கிச் செல்ல இஞ்சினே ஆயிலைத் தெளித்து எரிக்கிறது. "இது ஆயிலே குடிக்காது" என்று பெருமைப்படுபவரிடம்தான் நான் வாங்க மாட்டேன்.