டிகிரிக்குப் பிறகு பாராலீகல்: நீலகிரிப் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

ஊட்டியிலோ கூடலூரிலோ பி.ஏ., பி.காம். முடித்துவிட்டு, "பாராலீகல் கோர்ஸ் ஒன்று படித்தால் கோர்ட் பக்கம் வேலை கிடைக்குமா?" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். பாராலீகல் என்றால் வக்கீல் ஆகாமலே சட்ட வேலைகளில் உதவுகிறவர். வேலை கிடைக்கும். ஆனால் கோர்ஸைக் காட்டிக் கிடைக்காது. பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதுதான் முதல் தவறு.

நம் நாட்டில் வக்கீலுக்குச் சன்னது (தொழில் செய்ய அனுமதிக்கும் பதிவு) உண்டு, பாராலீகலுக்கு அப்படி எதுவும் இல்லை. மூன்று வேறு வேலைகளுக்கு இந்த ஒரே பெயர் ஓடுகிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் தன்னார்வலர் ஒரு வகை. அவருக்குச் சம்பளம் இல்லை, வேலை செய்த நாளுக்கு மதிப்பூதியம் மட்டும். வக்கீல் ஆபீஸ் உதவியாளர் இரண்டாவது. பழைய பெயரில் குமாஸ்தா. வெளிநாட்டு கம்பெனிகளின் ஒப்பந்தங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் எல்.பி.ஓ. (சட்ட வேலையை வெளியாட்களிடம் கொடுத்துச் செய்வது) வேலை மூன்றாவது. அது இருப்பது பெங்களூரு, சென்னை மாதிரி ஊர்களில். எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் சேருகிறவருக்கு எந்தச் சான்றிதழும் பொருந்தாது.

ஆன்லைனில் விற்கும் அமெரிக்க கோர்ஸ்களைப் பார்த்து மயங்குவது அடுத்தது. அங்கே டிகிரி முடித்தவர்களுக்கென்றே குறுகிய காலப் பாராலீகல் படிப்புகள் உண்டு, நல்ல வேலையும் உண்டு. "அமெரிக்கன் பார் அசோசியேஷன் சான்றிதழ்" என்று யாராவது விற்றால் மட்டும் உஷாராகுங்கள். அந்த வக்கீல் சங்கம் படிப்புகளுக்குத்தான் அங்கீகாரம் தருகிறது, ஆட்களுக்குச் சான்று கொடுப்பதில்லை. எப்படியானாலும் அந்த நாட்டு நடைமுறை குன்னூர் கோர்ட்டில் உதவாது. இக்னோவில் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பாராலீகல் டிப்ளமா உண்டு. பிளஸ் டூ போதும். அடிப்படைக்கு நல்லதுதான், வேலைக்கு உத்தரவாதம் என்று நினைக்காதீர்கள்.

பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று இந்திய தண்டனைச் சட்டத்தை மனப்பாடம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 போய் 103. மோசடிக்கு 420 போய் 318(4). அதற்காகப் பழையதைத் தூக்கிப் போடவும் கூடாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய பிரிவுகள்தான், அந்த வழக்குகள் இன்னும் நடக்கின்றன.

அப்புறம் மலைக்கே உரிய விஷயம், நிலம். சட்டப் பிரிவுகளை ஒப்பிக்கிற பட்டதாரியிடம் ஒரு பழைய கிரையப் பத்திரத்தைக் கொடுத்தால் செக்குபந்தி (நிலத்தின் நான்கு எல்லை விவரம்) எங்கே ஆரம்பிக்கிறது என்று தடுமாறுவார். கீழ்க் கோர்ட்டுகளில் தமிழ் புழங்குகிறது, பத்திரங்களும் தமிழில்தான் இருக்கின்றன. ஆங்கிலத்தை மட்டும் தீட்டிக்கொண்டு வருவது வீண். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது, ஆகவே நிலம் சுத்தம் என்று குறிப்பெழுதுவது இன்னும் பெரிய தவறு. வில்லங்கத்தில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜென்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழித்த 1969ஆம் ஆண்டின் ஜென்ம ஒழிப்புச் சட்டத்தில், குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய 17ஆம் பிரிவில் சிக்கிய நிலமா என்பதை அது சொல்லாது. நாடு முழுக்க 'காடு' எது என்பதை விரிவாக்கிய 1996 டிசம்பர் 12 கோதவர்மன் வழக்கு உத்தரவுக்கும் மூலம் கூடலூர்க் காட்டு மரவெட்டுதான். இங்கே ஆபீசில் உட்காருகிறவர் இதைத் தெரியாமல் இருக்க முடியாது.

தன்னார்வலராகப் போகிறவர் காட்டு நிலத்துக்கு உரிமை கேட்கும் வன உரிமை மனுக்களில் தடுக்கி விழுவார். மூன்று தலைமுறை, 75 ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பழங்குடி அல்லாதவர்களுக்கு மட்டுமே. பணியரிடமோ காட்டுநாயக்கரிடமோ அதைக் கேட்டு மனுவைத் திருப்பி அனுப்பக் கூடாது. 2005 டிசம்பர் 13க்கு முன் நிலம் அவர்கள் அனுபவத்தில் இருந்தால் போதும். காகிதம் இல்லையே என்று கைவிரிக்கவும் வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை எழுதி வாங்கினால் அதுவும் சான்றுதான்.

வக்கீல் ஆபீசில் ஆளைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் தேதிக் கணக்கு. முன்சீப் கோர்ட்டு தீர்ப்பின் மேல் அப்பீலுக்கு 30 நாள். தீர்ப்பின் நகல் கேட்டு மனு போட்ட நாளிலிருந்து நகல் தயாராகும் வரைக்குமான நாட்கள் அந்த 30 நாளில் சேராமல் கழியும். புதிதாக வந்தவர்கள் நகலைக் கையில் வாங்கிய நாள் வரை கழித்துவிடுவார்கள். மழை, மண்சரிவு, பஸ் இல்லை என்று பந்தலூர்க்காரர் பத்து நாள் கழித்து வந்து வாங்கினால் அந்தப் பத்து நாள் அவர் கணக்கில்தான் போகும். இந்தத் தேதிகள் எல்லாம் நகலிலேயே முத்திரையாக இருக்கும். முதல் வாரமே அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், எந்தக் கோர்ஸிலும் இதற்கு இவ்வளவு நேரம் ஒதுக்க மாட்டார்கள்.

கொஞ்சம் வேலை பிடிபட்டதும் "நானே பார்த்துத் தருகிறேன்" என்று கட்சிக்காரரிடம் பீஸ் பேசுவது ஆபத்து. வக்கீல் அல்லாதவர் கோர்ட்டில் வழக்கு நடத்தினால் வழக்கறிஞர்கள் சட்டம் 45ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. கேஸ் கட்டில் பார்த்ததை டீக்கடையில் பேசுவதும் கூடாது. கோத்தகிரி மாதிரி ஊரில் எதிர்த்தரப்புக்காரரின் மச்சான் பக்கத்து பெஞ்சில்தான் இருப்பார்.

பின்னால் வக்கீலாகும் எண்ணம் இருந்தால் தபால் வழி எல்.எல்.பி.யில் பணத்தைப் போடாதீர்கள். பார் கவுன்சில் அதை ஏற்பதில்லை. மூன்று ஆண்டு படிப்பு கல்லூரிக்குப் போய்ப் படிப்பதுதான். பொதுப் பிரிவுக்கு டிகிரியில் 45 சதவீதம் கேட்பார்கள். கோவை அரசு சட்டக் கல்லூரிக்கு மனு போடுவதற்கு முன் மார்க் ஷீட்டை எடுத்து ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடுங்கள்.