நித்திரை வருதில்லையா? மருந்துக்கு முதல் அளந்து பாருங்கள்

“டொக்டர், எனக்கு நித்திரையே இல்லை” என்று கிளினிக்கில் சொன்னால், “எவ்வளவு காலமா? இரவில எத்தனை மணித்தியாலம்?” என்று திருப்பிக் கேட்பார்கள். அங்கேதான் பலர் முழிப்பார்கள். ஒரு கொப்பியும் பேனையும் இருந்தால் பதிலை வீட்டிலேயே எடுக்கலாம். சிகிச்சை வேலை செய்கிறதா என்பதையும் பிறகு அதே கொப்பியில் பார்க்கலாம்.

படி 1: இது நித்திரையின்மைதானா?

கிழமைக்கு 3 இரவாவது நித்திரை பிடிக்கவோ நீடிக்கவோ கஷ்டம், பகலிலும் அதன் பாதிப்பு, இப்படியே 3 மாதம் என்றால் அது நாட்பட்ட நித்திரையின்மை. ஆனால் படுக்க நேரமும் இடமும் இருந்தும் வராமல் இருக்க வேண்டும். வட்டையில் யானைக்காவலுக்கு விழித்திருப்பவருக்கும் விடியவிடிய வாவியில் வலை போடுபவருக்கும் படுக்கவே நேரமில்லை; அது வேறு கணக்கு. பலத்த குறட்டை, நித்திரையில் மூச்சு நின்று வருதல், ஓயாத கால் உளைச்சல், மனச்சோர்வு இருந்தால் டொக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

படி 2: ஏழு கேள்வி

‘இன்சோம்னியா சிவியரிட்டி இன்டெக்ஸ்’ என்ற கேள்வித்தாளை உருவாக்கியவர் கனடாவின் சார்ல்ஸ் மொறின். நித்திரை பிடிக்கக் கஷ்டமா, இடையில் முழிப்பா, வெள்ளெனவே எழும்பிவிடுகிறதா, நித்திரையில் திருப்தியா, பகல் வேலை கெடுகிறதா, மற்றவர்களுக்கும் தெரிகிறதா, அதையே நினைத்துக் கவலையா என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி; பிரச்சினை கூடக் கூடப் புள்ளியும் கூடும். கூட்டுத்தொகை 7 வரை என்றால் பிரச்சினை இல்லை. 8–14 இலேசு, 15–21 நடுத்தரம், 22–28 கடுமை. திகதி போட்டு எழுதி வையுங்கள்.

படி 3: இரண்டு கிழமைக் கொப்பி

காலையில் எழும்பி, பிளேன்டீ குடிக்கும்போது எழுதினால் போதும். படுத்த நேரம், நித்திரை பிடித்த நேரம், இடையில் முழித்திருந்த நேரம், கடைசியாக முழித்தது, பாயை விட்டு எழும்பியது. எல்லாம் குத்துமதிப்புத்தான். இரவில் போனைத் தூக்கி மணி பார்க்காதீர்கள். அதுவே நித்திரையைக் கலைக்கும். சஹருக்கு எழும்பும் நோன்பு மாதத்திலும் கோயில் திருவிழா இரவுகளிலும் இதைத் தொடங்க வேண்டாம், கணக்குக் குழம்பும்.

படி 4: நித்திரைத் திறன்

ஒருவர் இரவு 9.30க்குப் படுக்கிறார். 11க்கு நித்திரை. 2.30 முதல் 3.30 வரை முழிப்பு. 5க்குக் கண் திறந்தாலும் 6க்குத்தான் எழும்புகிறார். பாயில் கிடந்தது 510 நிமிடம், உறங்கியது 300. 300ஐ 510ஆல் பிரித்து 100ஆல் பெருக்கினால் 59 வீதம்; இதுதான் நித்திரைத் திறன். 85க்கு மேல் இருந்தால் நல்லது.

படி 5: சிகிச்சைக்குப் பிறகு

நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதல் தெரிவு சிபிடி-ஐ என்ற நடத்தைச் சிகிச்சை. பாயில் கிடக்கும் நேரத்தைச் சுருக்குவது அதில் ஒரு பகுதி. 5 மணித்தியாலத்துக்குக் கீழே போகக்கூடாது. வலிப்பு உள்ளவர்களும் பஸ், ஆட்டோ ஓட்டுபவர்களும் டொக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

நம்மட ஆள் இப்போது 11.30க்குப் படுத்து 5.30க்கு எழும்புகிறார் என்று வையுங்கள். 360 நிமிடத்தில் 310 உறக்கம், 86 வீதம். கேட்கச் சந்தோசம்தான், ஆனால் கூடியது 10 நிமிட நித்திரை மட்டுமே. சுருக்கியதால் வீதம் ஏறியது. அதனால் வீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். திறன் 85க்கு மேல் நின்றால் பாயில் கிடக்கும் நேரத்தைக் கிழமைக்கு 15 நிமிடம் கூட்டிக்கொண்டு போய், மொத்த நித்திரையும் ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஏழு கேள்விக்கும் சில கிழமை இடைவெளியில் திரும்பப் பதில் எழுதுங்கள். 8 புள்ளி குறைந்தால் சிகிச்சை பிடிக்கிறது. ஓரிரு புள்ளி ஏறி இறங்குவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நித்திரைக் குளிசை போட்ட இரவுகளுக்குக் கொப்பியில் ஒரு புள்ளடி போடுங்கள். குளிசையைத் திடீரென்று நீங்களாக விட்டால் நித்திரை இன்னும் மோசமாகலாம். எப்படிக் குறைப்பது என்று, அந்தப் புள்ளடிகளைக் காட்டி டொக்டரிடமே கேளுங்கள்.