பழைய பெட்டிக்குப் புது போர்டு: எச்61-இலிருந்து எச்610-க்கு

எங்கள் வீட்டு டெஸ்க்டாப் 2012இல் அசெம்பிள் செய்தது. எச்61 வகை மதர்போர்டு (இனி போர்டு), இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 ப்ராசசர், 4 ஜிபி டிடிஆர்3 ராம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ, இன்டெல் என்றால் ப்ராசசர் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும். எனவே கேபினெட், மானிட்டர், கீபோர்டு, ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றினேன். அதன் செய்முறை இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்பது மட்டும்தான் உங்கள் குறை என்றால் போர்டைத் தொட வேண்டாம். ஹார்டு டிஸ்கை விட வேகமான ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டு, ராமை 8 ஜிபி ஆக்கி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் ஏற்றிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும்.

என்ன வாங்குவது

போர்டு, ப்ராசசர், ராம் மூன்றும் ஒரே செட். பழைய டிடிஆர்3 ராம் புது போர்டில் உட்காரவே உட்காராது. நான் எடுத்தது ஐ3-12100, எச்610 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம். எச்610 போர்டுகள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டு வகையிலும் வருகின்றன. எந்த ராமுக்கானது என்று பெட்டியில் பார்த்தே வாங்குங்கள்.

ப்ராசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. 12100எஃப் கொஞ்சம் மலிவு என்று கடைக்காரர் நீட்டுவார். தனியாக கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் மானிட்டரில் ஒன்றுமே வராது. 13, 14ஆம் தலைமுறை ப்ராசசர்களும் இதே சாக்கெட்தான். ஆனால் கடையில் நெடுநாள் கிடந்த போர்டாக இருந்தால் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்த பிறகே அவற்றை அடையாளம் காணும். 12ஆம் தலைமுறையில் அந்தத் தலைவலி இல்லை.

ப்ராசசரை பாக்ஸ் பீஸாக (கம்பெனிப் பெட்டியோடு வருவது) கேளுங்கள். பெட்டி இல்லாமல் விற்கும் ட்ரே பீஸில் ஃபேன் வராது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சரி, உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும் சரி, சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் வெளியே வராதீர்கள். பழைய மானிட்டரில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டும்தான் இருக்கிறதென்றால், விஜிஏ உள்ள போர்டாகப் பாருங்கள். எச்610-இல் நிறையவே கிடைக்கிறது.

எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) பற்றி என் கருத்து கறாரானது. கேபினெட்டோடு இலவசமாக வந்து, '450 வாட்' ஸ்டிக்கர் ஒட்டிய பத்து வருடப் பழசை நம்பிப் புது போர்டை மாட்டாதீர்கள். 80 பிளஸ் என்ற மின்சிக்கனச் சான்று உள்ள ஒன்று வாங்குங்கள்.

வெளியே வைத்தே சோதியுங்கள்

போர்டு வந்த அட்டைப்பெட்டி மேலேயே போர்டை வையுங்கள். சாக்கெட் லீவரைத் தூக்கி, ப்ராசசரின் முக்கோணக் குறி சாக்கெட்டின் குறியோடு பொருந்துகிற மாதிரி மெதுவாக இறக்குங்கள். அழுத்தக் கூடாது. கறுப்பு பிளாஸ்டிக் மூடியை முன்கூட்டியே பிடுங்க வேண்டியதில்லை. லீவரை மூடும்போது தானாகத் தெறித்து வரும். அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், வாரண்டிக்குக் கேட்பார்கள்.

ஃபேனின் நான்கு கால்களையும் எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். 'டக்' என்று சத்தம் வர வேண்டும். பின்னால் திருப்பிப் பார்த்தால் நான்கு வெள்ளை நுனிகளும் சமமாக வெளியே வந்திருக்க வேண்டும். கால்களின் தலையில் உள்ள அம்புக்குறி கழற்றுவதற்கான திசை. மாட்டும்போது அந்தப் பக்கம் திருப்பினால் பிடிக்காது.

ராம், எஸ்எம்பிஎஸிலிருந்து வரும் 24 பின் கேபிள், ப்ராசசர் பக்கத்து 4 அல்லது 8 பின் கேபிள், மானிட்டர். இவ்வளவையும் செருகி, போர்டில் உள்ள பவர் ஸ்விட்ச் பின் இரண்டையும் சேர்த்துத் திருப்புளி நுனியால் ஒரு நொடி தொடுங்கள். பயாஸ் திரை வந்தால் பாதி வேலை முடிந்தது. வரவில்லையென்றால் ப்ராசசர் பக்கத்து கேபிளை முதலில் பாருங்கள். திருப்புளி ஒன்றே போதும், நான் டபாரியா ஸ்டார் பயன்படுத்துகிறேன். முப்பது முனை கிட்டெல்லாம் தண்டச் செலவு.

கேபினெட்டுக்குள்

பழைய போர்டை எடுத்ததும் அடியில் பித்தளைத் தாங்கிகள் தெரியும். புது போர்டு பெரும்பாலும் அகலம் குறைவாக இருக்கும், திருகு ஓட்டைகளும் குறைவு. ஓட்டை இல்லாத இடத்தில் நிற்கிற தாங்கியைக் கழற்றியே ஆக வேண்டும். விட்டுவிட்டால் போர்டின் அடியில் உரசி ஷார்ட் ஆகும். பின்பக்கத் தகடு (கேபிள் செருகும் துளைகளைச் சுற்றி வருவது) புது போர்டுடன் வருவதைத்தான் மாட்ட வேண்டும், அதுவும் போர்டுக்கு முன்பாக.

டிஸ்க் ஏன் பூட் ஆகவில்லை?

எனக்கு இழுத்தடித்தது இந்த இடம்தான். பயாஸில் ஸ்டோரேஜ் பட்டியலில் பழைய ஹார்டு டிஸ்கின் பெயர் பளிச்சென்று தெரியும். எந்த டிஸ்கிலிருந்து விண்டோஸைத் தொடங்கலாம் என்று காட்டும் பூட் பட்டியலில் மட்டும் இருக்காது. கேபிளை மாற்றிப் பார்ப்போம், போர்ட்டை மாற்றிப் பார்ப்போம், ஒன்றும் நடக்காது.

காரணம் கேபிள் இல்லை. 2012 காலத்து விண்டோஸ் பெரும்பாலும் லெகசி என்ற பழைய பூட் முறையில், எம்பிஆர் என்ற பழைய வகையில் பிரித்த டிஸ்கில் நிறுவப்பட்டது. புது போர்டில் உள்ளமைந்த கிராபிக்ஸை மட்டும் வைத்து ஓட்டும்போது லெகசி பூட் கிடையாது. யுஇஎஃப்ஐ என்ற புது முறை மட்டும்தான், அதற்கு ஜிபிடி என்ற புது வகையில் பிரித்த டிஸ்க் வேண்டும்.

விண்டோஸ் 10-உடன் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி வருகிறது. டேட்டா போகாமல் டிஸ்கை மாற்றித் தரும். யூட்யூபில் எல்லோரும் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் டிஸ்கில் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் (பல டிரைவ்களை உள்ளே அடக்கிய பிரிவு) இருந்தால் அது மறுத்துவிடும். நம் ஊரில் அசெம்பிள் செய்து கொடுப்பவர்கள் சி, டி, ஈ, எஃப் என்று பிரித்துத்தானே கொடுப்பார்கள்? சி தவிர மற்றவை பெரும்பாலும் எக்ஸ்டெண்டட் உள்ளேதான் கிடக்கும். பழைய போர்டைக் கழற்றும் முன்பே விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்துவிடுங்கள். டிரைவ்களைச் சுற்றிப் பச்சைக் கட்டம் தெரிந்தால் உங்களுக்கும் இதே கதைதான்.

அதனால் என் வழி: புதிதாக ஓர் எஸ்எஸ்டி வாங்கி அதில் விண்டோஸ் 11-ஐச் சுத்தமாக நிறுவுங்கள். நிறுவுவதற்கான பென் டிரைவை ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் தயாரிக்கும்போது ஜிபிடி, யுஇஎஃப்ஐ என்று தேர்ந்தெடுங்கள். போர்டு நிறுவனத் தளத்திலிருந்து லேன் டிரைவரையும் அதிலேயே போட்டு வையுங்கள். இல்லையென்றால் நெட் வராமல் இன்ஸ்டால் பாதியில் நிற்கலாம். நிறுவும்போது பழைய ஹார்டு டிஸ்கின் கேபிளைப் பிடுங்கி வைப்பது நல்லது. தவறிப்போய் அதை ஃபார்மட் செய்துவிடும் பயமே இருக்காது. விண்டோஸ் எழுந்த பிறகு மாட்டுங்கள். எம்பிஆர் டிஸ்கில் இருந்து பூட் ஆக முடியாதே தவிர, டேட்டாவைப் படிக்க எந்தத் தடையும் இல்லை. குடும்பப் படங்கள் எல்லாம் டி டிரைவில் அப்படியே இருந்தன.

பின்சேர்க்கை

பவர் எல்ஈடி (கேபினெட்டின் முன்னால் எரியும் சின்ன விளக்கு) கனெக்டர் போர்டில் ஏறவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். பழைய கேபினெட்டுகளில் அது மூன்று துளை அகலம், நடுத்துளை காலி. புது போர்டில் இரண்டு பின்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஓரத்துளையின் பிளாஸ்டிக் நாக்கை ஊக்கு முனையால் லேசாகத் தூக்கினால் கம்பி உருவி வந்துவிடும். அதை நடுத்துளையில் செருகுங்கள். காலியான ஓரத்துளை பக்கத்துப் பின்னில் இடித்தால் அந்தத் துண்டை வெட்டிவிடுங்கள். எரியவில்லையென்றால் திருப்பி மாட்டுங்கள். எல்ஈடிக்கு மட்டும்தான் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும், பவர் ஸ்விட்சை எப்படி மாட்டினாலும் வேலை செய்யும்.