18 கட்டங்களில் ஓர் எகிப்திய உருவம் வரையும் முறை

பண்டைய எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் நிற்கும் மனித உருவங்கள் ஒன்றுக்கொன்று பல நூற்றாண்டுகள் தள்ளி வரையப்பட்டிருந்தும் ஒரே குடும்பத்துச் சாயல் கொண்டிருக்கின்றன. அந்த ஓவியர்கள் உடலின் அளவுகளை ஒரு கணக்குக்குள் வைத்திருந்ததே அதற்குக் காரணம். பழைய அரசுக் காலத்தில் (ஏறக்குறைய கி.மு. 2700–2200) சில கிடைக்கோடுகளும் ஒரு நடுக்கோடும் கொண்டே அந்தக் கணக்கைப் பிடித்தார்கள். மத்திய அரசுக் காலத்தில் (ஏறக்குறைய கி.மு. 2050–1700) அது முழுமையான சதுரக் கட்டங்களாக வளர்ந்தது. அந்த முறையில், வலப்பக்கம் பார்த்து நிற்கும் ஓர் ஆணின் உருவத்தை இங்கே வரைவோம்.

ஓர் ஏ3 தாளை நெடுக்காக வைத்து, அடியில் 2 செ.மீ. விட்டு நிலக்கோடு போடுங்கள். அதற்கு மேல் 2 செ.மீ. சதுரங்களாக 18 வரிசைகளும், அவற்றுக்கு மேல் உச்சந்தலைக்கென ஒரு வரிசையும் சிவப்புப் பென்சிலால் வரையுங்கள். சுவரில் வேலை செய்தவர்கள் செங்காவியில் தோய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டு இந்தக் கோடுகளைப் பதித்தார்கள். 18ஆவது கோடு நெற்றியில் முடி தொடங்கும் இடம். முடிக்கு மேலே பொய்முடியோ மகுடமோ எவ்வளவு உயரமும் வரலாம் என்பதால், அளவை அதோடு நிறுத்திக்கொண்டது மிகவும் அறிவான ஏற்பாடு என்றே சொல்வேன்.

நிலக்கோட்டிலிருந்து மேல்நோக்கி எண்ணி, முழங்காலின் மேல்விளிம்பை 6ஆவது கோட்டிலும், பிட்டத்தின் கீழ்விளிம்பை 9இலும், இடுப்பின் உட்குழிவை 11இலும், மார்புக்காம்பை 14இலும், கழுத்தும் தோளும் சேரும் இடத்தை 16இலும், மூக்கின் அடியை 17இலும் குறியுங்கள். தோளின் அகலம் ஏறக்குறைய 6 கட்டம். பாதத்தின் நீளம் ஏறக்குறைய 3 கட்டம். மூடிய கைமுட்டி ஒரு கட்டத்துக்குள் அடங்கும். பெண்ணை வரைவதானால் தோளைக் குறுக்கி, இடுப்பின் உட்குழிவைச் சற்று மேலே ஏற்ற வேண்டும். அமர்ந்திருக்கும் உருவத்துக்கு 14 கட்டங்கள் போதும்.

இனி வருவதுதான் கடினமான பகுதி, ஏனெனில் ஒரே இடத்திலிருந்து பார்ப்பதுபோல வரையும், நம் கண் பழகிய விதிகளை இங்கே ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. உடலின் ஒவ்வோர் உறுப்பையும் அது எந்தத் திசையிலிருந்து பார்த்தால் ஐயமின்றி அடையாளம் தெரியுமோ அந்தத் திசையிலிருந்தே எகிப்தியர் வரைந்தார்கள். ஆகவே முகத்தைப் பக்கவாட்டிலும், அதில் கண்ணை மட்டும் முழுமையாக நேரிலும், இரு தோள்களையும் நேரிலும் வரைந்து, மார்புக்காம்பை முன்பக்க விளிம்பில் வைத்து, இடுப்பையும் கால்களையும் மீண்டும் பக்கவாட்டுக்குத் திருப்புங்கள். இடக்கால் முன்னே செல்லட்டும். இரு பாதங்களையும் உட்புறமாகவே, பெருவிரலும் உள்வளைவும் தெரிய வரையுங்கள். பார்வைக்கு அருகிலுள்ள பாதத்தில் ஐந்து விரல்களையும் காட்டும் வழக்கம் 18ஆம் அரசமரபுக் காலத்தில்தான் (ஏறக்குறைய கி.மு. 1550–1300) தலைகாட்டுகிறது. தோளைச் சற்றே சாய்த்தால் இயல்பாக இருக்குமே என்று கை பரபரக்கும்; தயவுசெய்து சாய்க்காதீர்கள். கல்லறைச் சுவரில் இருப்பவர் மறுமையிலும் முழு உடலோடு வாழ வேண்டியவர் என்று நம்பியவர்களுக்கு, உறுப்புகள் தெளிவாகவும் குறையின்றியும் தெரிவது முக்கியமாக இருந்தது.

முதல் வரைவைச் சிவப்பிலேயே முடித்துவிட்டு, திருத்தங்களைக் கறுப்பில் போடுங்கள். அரசர்களின் பள்ளத்தாக்கில் ஹோரெம்ஹெப் மன்னரின் கல்லறை முற்றுப்பெறாமல் நின்றுவிட்டதால், சிவப்பு வரைவு, அதன்மேல் கறுப்புத் திருத்தம், பாதி செதுக்கிய புடைப்பு ஆகிய படிகள் எல்லாம் அங்கே அப்படியே காணக் கிடைக்கின்றன. கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு, முழுமையடைந்த எந்தச் சுவரையும்விட அந்தச் சுவர்கள்தாம் நல்ல ஆசிரியர்.

வண்ணத்தைச் சாயல் மாற்றமின்றித் தட்டையாகப் பூசி, கடைசியாக வெளிக்கோட்டை ஒரே மூச்சில் இழுங்கள். ஆணின் தோலுக்குச் செங்காவி, பெண்ணின் தோலுக்கு மஞ்சள் காவி என்பது பொது வழக்கம். கறுப்பு கரியிலிருந்தும், வெள்ளை சுண்ணாம்புக்கல் அல்லது ஜிப்சத்திலிருந்தும் வந்தன. நீலத்தை அவர்களே உருவாக்கிக்கொண்டார்கள்: மணல், சுண்ணாம்பு, செம்புச் சேர்மம், சிறிது காரப்பொருள் ஆகியவற்றை ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு, கிடைத்த கட்டியை அரைத்தார்கள். அரைத்த பொடிகளைப் பிசின் கலந்து பூசினார்கள். உங்களிடம் உள்ள நீர்வண்ணத்திலும் வேல மரப் பிசினே பெரும்பாலும் இருக்கும் என்பதால், பொருளளவில் நீங்கள் அவர்களுக்கு வெகு அருகில் நிற்கிறீர்கள்.

சிவப்புக் கட்டங்களை அழிப்பானால் தேய்க்க வேண்டாம். பின்னணி வண்ணத்தைப் பூசி மூடுங்கள். தீப்ஸ் நகரத்துக் கல்லறைகளில் அப்படி மூடிய பூச்சு உதிர்ந்த இடங்களில் அந்தக் கோடுகள் இன்றும் தெரிகின்றன.