குழந்தையின் இடுப்பெலும்பில் கட்டி: அறுவைக்கு முன் பெற்றோர் கேட்க வேண்டியவை
குழந்தையின் இடுப்பெலும்பில் இருப்பது அனியூரிஸ்மல் எலும்புக்கட்டி (எலும்புக்குள் இரத்தம் நிறைந்த குழிகளாக வளரும் கட்டி) என்று மருத்துவர் சொன்னால், அது புற்றுநோய் அல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஆயினும் எலும்புப் புற்றுநோயில் ஒரு வகை எம்.ஆர்.ஐ. படத்தில் இதைப் போலவே தோன்றக்கூடும் என்பதால், பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் செய்யும் சோதனை) முடிவு வரும்வரை பொறுத்திருங்கள். இடுப்பு அறுவையில் இரத்தப்போக்கே பெரிய கவலை. ஆகவே, கட்டிக்குச் செல்லும் இரத்தக்குழாயை முன்கூட்டியே அடைக்கும் எம்போலைசேஷன் தேவைப்படுமா என்று கேளுங்கள். அறுவையின்போது கட்டியைச் சுரண்டியெடுத்து, குழியின் சுவரைக் கருவியால் தேய்த்து, பெரும்பாலும் எலும்புத் துகள்களால் நிரப்புவார்கள். இடுப்பு மூட்டின் கிண்ணத்திலுள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பு சிதைந்தால் மூட்டு சரியாக வளராமல் போகலாம். கட்டி அதற்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பதைப் படத்தில் காட்டச் சொல்லுங்கள், இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம். கட்டி மீண்டும் வந்தால் பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள் வரும். வலி இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.