ஜெர்மனில ஆளில்லாம ஓடுற ஹாம் ஸ்டேஷனுக்கு தனி கால்சைன்

ஜெர்மனில ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு குறிப்பு. ரிப்பீட்டர் (வர்ற சிக்னல வாங்கி திருப்பி விடறது), பீக்கன் (அடையாள சிக்னல தானா அனுப்பிக்கிட்டே இருக்கறது), ஏபிஆர்எஸ் டிஜிபீட்டர் (இருப்பிடம் மாதிரி சின்னச் சின்ன டேட்டாவ வாங்கி மறுபடி அனுப்பறது) மாதிரி பக்கத்துல ஆள் இல்லாம தானா ஓடுற ஸ்டேஷன் போடணும்னா உங்க சொந்த கால்சைன்ல (ஸ்டேஷன அடையாளம் காட்டற எழுத்தும் எண்ணும் சேர்ந்த பேர்) ஓட்டிடலாம்னு நினைக்காதீங்க, அதுக்குன்னு தனி கால்சைன் வாங்கணும், அதைக் குடுக்கறது ஜெர்மன் அரசோட தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான புண்டஸ்நெட்ஸ்அகென்டூர் (Bundesnetzagentur). டிபி0 (DB0)-ன்னு ஆரம்பிக்கறதெல்லாம் இந்த வகைதான், சுக்ஸ்பிட்ஸ மலை உச்சில இருக்கற ரிப்பீட்டர் டிபி0இசட்யு (DB0ZU).

அப்ளிகேஷன்ல கைய வைக்கறதுக்கு முன்னாடி இடத்த முடிவு பண்ணிடுங்க. கட்டட ஓனர்கிட்ட சம்மதத்த எழுதியே வாங்கிக்கோங்க, வாய் வார்த்தை பின்னாடி உதவாது. அப்புறம் ஃப்ரீக்வென்சி. பக்கத்துல, எல்லைக்கு அந்தப் பக்கமும் சேர்த்து, யார் எதுல ஓட்டறாங்கன்னு பாத்து, ஜெர்மன் ஹாம் சங்கமான டிஏஆர்சில (DARC) ரிப்பீட்டர் விஷயம் பாக்கறவங்ககிட்ட பேசிட்டு போனா வேலை சுலபமாகும்.

ஆன்டெனா கெயினயும் (சிக்னல ஒரு பக்கமா குவிச்சு பலமாக்கறது) சேர்த்துக் கணக்கு போட்டு ஐசோட்ராபிக் பவர் (EIRP) 10 வாட்டோ அதுக்கு மேலயோ வந்தா, ஆன் பண்றதுக்கு முன்னாடியே மின்காந்த பாதுகாப்பு அறிவிப்பும் குடுத்தாகணும். நிறைய பேர் இத கடைசில தான் யோசிக்கறாங்க, செட்டுல 2 வாட் தான் விடறேன்னாலும் 8 டிபிஐ கெயின் (கிட்டத்தட்ட 6 மடங்கு) உள்ள ஆன்டெனா போட்டா 10ஐ தாண்டிடும்.

இன்னொண்ணு, தூரத்துல இருந்தே ஆஃப் பண்ண ஒரு வழி கட்டாயம் வைங்க, இன்டர்நெட் போனாலும் வேலை செய்யற மாதிரி. டிரான்ஸ்மிட்டர் மாட்டிக்கிட்டு விடாம ஓடுச்சுன்னா கேள்வி கால்சைன் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் வரும்.